சித்தப்பா உயர்த்திய ஜீப்

எங்கள் வீட்டில் கல்யாணம், வளைகாப்பு என்று எது நடந்தாலும், பந்தி முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்ததும் யாராவது ஒருவர் ஜீப் கதையை எடுத்துவிடுவார்கள். சித்தப்பா ஜீப்பை உயர்த்தியது, அது ஆட்டம் கண்டது, அப்பா அதற்கு மரத்தில் ஆப்பு வைத்தது, பாவு நூல் உருண்டை நடுரோட்டில் ஓடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டுக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளைகள் மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள். ஜீப் தென்னேரிக் கரையில் ஏறி நின்று எல்லோரும் கைதட்டுவதோடு கதை முடியும். அதற்கு மறுநாள் நடந்தது அந்தக் கதையில் வராது. எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், ஒரு தடவைகூட வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனாலும் பாயசக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நானும் சிரித்துவிட்டுத்தான் வருவேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, அவர்களுக்கெல்லாம் கடைக்குட்டியான சித்தப்பா. அப்பா வீட்டில் நெய்தார். வெளியூர்த் தறிகள் சிலவற்றுக்கும் பாவு, அதாவது நெசவுக்கான நீள இழைகளைச் சுற்றிய உருண்டை, கொடுத்துச் சேலை வாங்கினார். அவற்றைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் ஒரு பழைய ஜீப் இருந்தது. கதவு கிடையாது, தலைக்கு மேல் தார்ப்பாய். அதை ஓட்டுவதுதான் சித்தப்பாவின் உத்தியோகம். தறியில் உட்காரச் சொன்னால் அவருக்கு இடுப்பு வலி வந்துவிடும். ஜீப்பில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வராது.

அத்தைக்கு இடது கால் மடங்காது. குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, பிறகு அறுவை சிகிச்சை செய்து, முட்டி அப்படியே இறுகிப்போனது. நடப்பாள், விறுவிறுவென்றே நடப்பாள். கம்பு வைத்துக்கொள்ள மாட்டாள். யாராவது கையைப் பிடிக்க வந்தால் ஒரு பார்வை பார்ப்பாள், வந்த கை தானாகத் திரும்பிவிடும். பஸ் படி மட்டும் அவளால் ஏற முடியாது. ஆட்டோவில் உட்கார்ந்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருமுறை எவனோ பைக்கில் அதை உரசிவிட்டுப் போனதிலிருந்து ஆட்டோவும் இல்லை என்றாகிவிட்டது. எங்கள் ஜீப்தான் அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பாள், அப்படியே பின்னால் உட்காருவாள், கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலை ஒரே வீச்சில் உள்ளே கொண்டுபோய்விடுவாள். சித்தப்பா சாவியைத் திருகுவதற்குள் அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

தினமும் காலையில் அப்படித்தான் வேலைக்குப் போவாள். திருப்புட்குழிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிசைன் கம்பெனி. சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் பூவும் அன்னமும் போட்டு, அதைத் தறிக்கான அட்டையாகக் குத்திக் கொடுக்கும் இடம். ஒரு ஆயுதபூஜைக்கு என்னையும் கூட்டிப்போனாள். அங்கே பார்த்த அத்தை எங்கள் வீட்டு அத்தையே இல்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் மீசை வைத்த ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். "மேடம், இந்த ரெக்கை இன்னும் கொஞ்சம் ஒடுங்கணுமா மேடம்?" என்று கேட்டார்கள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "கழுத்தைத் தொடாதீங்க, ரெக்கையில ரெண்டு கட்டம் எடுங்க" என்றாள். கூட வேலை செய்த பெண்கள் அவளைக் கிண்டல் செய்தார்கள், அவள் பதிலுக்குக் கிண்டல் செய்தாள், சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் அவள் பெயருக்கு முன்னால் எப்போதும் ஒரு 'பாவம்' ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே யாருக்கும் அது தெரியவில்லை.

பக்கத்தில் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று வாங்கி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் அப்பாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அப்பா பதறிவிட்டார். "ஜீப் இருக்குது, கொண்டும்போய் விட தம்பி இருக்கான், நீ எதுக்குமா ரோட்டுல தனியா போய்க்கினு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அன்பாகத்தான் மறுப்பார்கள்.

சித்தப்பாவுக்கு அந்தச் சமயத்தில்தான் ஆஃப் ரோடு பைத்தியம் பிடித்தது. போனில் எந்நேரமும் யாரோ ஒருவன் ஜீப்பைச் சேற்றில் இறக்கிப் பாறையில் ஏற்றிக்கொண்டிருப்பான். சென்னையில் அப்படி ஒரு குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கும் குவாரிக்கும் வண்டியோடு கிளம்பிவிடுவார்கள். அதில் சேர வேண்டும் என்றால் பாறையில் அடி தட்டாதபடி ஜீப்பை உயர்த்த வேண்டும் என்று சித்தப்பா தீர்மானித்துவிட்டார். எங்கள் தெருவையே அப்போது சாக்கடைக்காகத் தோண்டிப்போட்டு ஒரு வருடமாக மூடாமல் வைத்திருந்தார்கள். இதற்கு மேல் என்ன ஆஃப் ரோடு வேண்டும் என்று அம்மா கேட்டாள். சித்தப்பா அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

ஜீப் மெக்கானிக் பாயின் பட்டறைக்குப் போனது. பாய்க்கு எங்கள் வீட்டு வண்டி என்றால் சொந்த வண்டி மாதிரி. எது கேட்டாலும் "இன்ஷா அல்லா, நாளைக்கு ரெடி" என்பார். அந்த 'நாளைக்கு' அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரும். அச்சுக்கு மேல் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை எடுத்துவிட்டு நன்றாக வளைந்த புதுப் பட்டைகளைப் போட்டார், அவற்றைத் தாங்கும் கொக்கிகளை நீளமாக்கினார், டிராக்டருக்குத் தம்பி போலிருந்த நாலு டயர்களை மாட்டினார். வண்டி திரும்பி வந்தபோது தெருவே கூடிவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். அத்தை வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். "டேய், சாமி வாகனம் மாதிரி இருக்குதுடா!" என்றாள். சித்தப்பாவுக்கு ஒரே பூரிப்பு. நான் அதன் சக்கரத்தின் பக்கத்தில் நின்று உயரம் பார்த்துக்கொண்டேன்.

பூரிப்பு பக்கத்திலிருக்கும் ஓரிக்கையைத் தாண்டுவதற்குள் போய்விட்டது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறியது. பிரேக் போட்டு நிறுத்தினால்தான் அடங்கியது. சித்தப்பா வெளிறிப்போய்த் திரும்பி வந்தார். பாயைக் கேட்டால், "ஏத்தச் சொன்னே, ஏத்தினேன். ஆடாதுன்னு சொன்னேனா நைனா?" என்றார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் அப்பா உள்ளே நுழைகிறார். அவருக்கு ஆட்டம் என்றால் என்னவென்று தெரியும். பிறந்ததிலிருந்து தறியோடு இருப்பவர். தறிக்கால் ஆடினால் என்ன செய்வோம்? அடியில் ஒரு ஆப்பை வைத்து இரண்டு தட்டுத் தட்டுவோம், நின்றுவிடும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு பக்கம் தூக்கினாற்போல் இருக்க வேண்டும் என்று அவருக்கு எப்படியோ பட்டது. பட்டதும் சரிதான், அதுதான் வேடிக்கை. தறி ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி ஜீப்புக்கு அடியில் படுத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, நன்றாக முற்றிய புளியமரத்தில் இரண்டு ஆப்பு இழைத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் தடவி வைத்தார்கள். வண்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அப்பா தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எந்த இன்ஜினீயருக்கும் தோன்றாதது தமக்குத் தோன்றியதாகப் பால்காரரிடம்கூடச் சொன்னார்.

ஒரு வாரம் ஓடியது. பிறகு வாலாஜாபாத்திலிருந்து நிறைய சுமையோடு வந்த ஒரு சாயங்காலம் புளியமரம் நசுங்கிவிட்டது. ஜீப் தலையிலிருந்து கால்வரை உதறியதில் பின்னால் இருந்த பாவு உருண்டை எகிறி விழுந்து, பாலத்துச் சரிவில் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. சித்தப்பா வண்டியை விட்டுவிட்டுப் பாவைத் துரத்தினார். கூடத்தில் எல்லோரும் புரையேறச் சிரிப்பது இந்த இடத்தில்தான். பாய் நசுங்கிய ஆப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஜீப்புக்கு மரத்துல பல்லு கட்டி வுட்டுக்கினு இருக்கீங்களே!" என்றாராம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அத்தை வீட்டில் இருந்தாள் என்பதைக் கதை சொல்கிறவர்கள் மறந்துவிடுவார்கள். ஜீப் ஓடினால்தானே அவள் வேலைக்குப் போக முடியும்? மர ஆப்போடு ஜீப் ஓடிய வாரத்திலும் உதறல் பயத்தில் அவளை ஏற்றவில்லை. கம்பெனியிலிருந்து போன் வரும். முகூர்த்த மாதம், வேலை குவிந்து கிடக்கிறது என்பார்கள். "இதோ, ரெடியாயிடும், வந்துடறேன்" என்பாள். ஒருநாள், அவள் சீட்டில் தற்காலிகமாக வேறொரு பெண்ணை உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அன்று அவள் சாப்பிட உட்கார்ந்து தட்டில் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா மோர் ஊற்றவா என்று கேட்டதே அவள் காதில் விழவில்லை.

பிறகு அவளே கையில் எடுத்தாள். வெளிநாட்டுக்காரர்கள் ஜீப்பை உயர்த்திவிட்டு முழிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை நெட்டில் தேடிப் படித்தாள். படம் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் அவள் தொழில். ஆப்பு யோசனை சரி, மரம்தான் தப்பு என்று கண்டுபிடித்தாள். எத்தனை சரிவு வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து கொடுத்தாள். பாய் இரும்பில் அப்படியே செய்து வைத்தார், உதறல் நின்றது. அடுத்து, இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ராடு கிறீச்சிட்டது. வண்டி உயர்ந்ததில் ராடு ரொம்பச் சாய்ந்துவிட்டது, கியர்பாக்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கு என்றாள். இறக்கினார்கள், சத்தம் நின்றது. ஒருநாள் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தை முழுசாகத் தொங்கவிடச் சொன்னாள். தொங்கவிட்டால், பிரேக் எண்ணெய் போகும் குழாய் விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது. பள்ளத்தில் இறங்கியிருந்தால் அறுந்து, பிரேக்கே இல்லாமல் போயிருக்கும். பாய் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். வேறொரு வண்டியின் நீளமான குழாயைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள். விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் கீழே இறக்கினார்கள்.

தம்பி மேல் என்ன பாசம் பார் என்று அப்பா சொல்லிச் சொல்லி உருகினார். பாசமும் இருந்திருக்கலாம். அவள் வேலைக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்த அன்று வாசலில் நின்று சித்தப்பா கையைத் தட்டிக்கொண்டார். "அவ்ளோதான்கா. ஒரு பிரச்சினையும் இல்ல."

"ஒண்ணு பாக்கி இருக்குதுடா" என்றாள் அத்தை.

"இன்னாக்கா?"

"நான். நான் எப்பிட்றா ஏறறது?"

சித்தப்பா சீட்டைப் பார்த்தார். அது இப்போது அத்தையின் மார்பளவுக்கு இருந்தது. "அட, ஆமால்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் சிரித்தாள். எத்தனை வாரம் அந்த ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து ராடு, பட்டை, குழாய் என்று குனிந்து பார்த்த ஆம்பளைகள் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லை, ஆனால் எனக்கு ஒன்பது வயது.

பக்கவாட்டில் ஒரு படி வைக்கலாம் என்றாள். சித்தப்பா முகம் சுருங்கியது. படி வைத்தால் பாறையில் இடிக்கும், உயர்த்தியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்றார். அது நியாயமான பேச்சுத்தான். அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது. பஸ் படி போல உயரமில்லாமல், மடக்கிவிடக்கூடிய படி ஒன்றை வரைந்தாள். வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம், வேண்டாதபோது வண்டிக்கு அடியில் மடிந்து ஒட்டிக்கொள்ளும். படிக்கு மேல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பாய் அதை அழகாகச் செய்து கொடுத்தார். முதல் நாள் அத்தை படியில் ஏறி நின்று, திரும்பி, உட்கார்ந்து, காலை வீசி உள்ளே வைத்துக்கொண்டபோது, எங்கள் எல்லோரையும் மேலேயிருந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்தில் அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. வேலைக்குப் போனாள். தன் நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சென்னைக் குழு தென்னேரிக்கு வருவதாக ஏற்பாடு. போகிற வழியில் மூன்று நான்கு ஜீப்புகள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். எங்கள் ஜீப்பைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவன் மடிந்திருந்த படியைக் காலால் தட்டிப் பார்த்தான். "இன்னா ப்ரோ இது, ஸ்கூல் வேன் ஓட்டறீங்களா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, நண்பர்களின் சிரிப்புத்தான். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஸ்பேனர் எடுத்து வந்தார். அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படி யாருக்கு என்று சித்தப்பா அவர்களிடம் சொல்லவில்லை. "கல்லுல இடிச்சிக்கும்கா. சாயங்காலமே மாட்டிடறேன்" என்று மட்டும் குனிந்தபடியே சொன்னார்.

"சரிடா. நாளைக்கு நான் எட்டு மணிக்குப் போகணும்" என்றாள் அத்தை.

நான் அடம்பிடித்துச் சித்தப்பாவோடு தென்னேரிக்குப் போனேன். அந்த நாளைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன், அற்புதமான நாள். தண்ணீர் வற்றிய ஏரிச் சேற்றில் மற்ற ஜீப்புகள் புதைந்து புதைந்து எழுந்தன. எங்கள் ஜீப் எருமை போல நிதானமாகக் கடந்து போயிற்று. கரைச் சரிவில் யாரும் ஏறாத இடத்தில் ஏறி நின்றது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். ஒரு வயதான ஆள் வந்து அடியில் குனிந்து பார்த்துவிட்டு, பட்டையும் சரிவும் இவ்வளவு பொருத்தமாக அமைந்து தாம் பார்த்ததில்லை என்றார். யார் செட் பண்ணியது என்று கேட்டார். "நாமளேதான் சார்" என்றார் சித்தப்பா. எனக்குச் சித்தப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இறங்கும்போது ஒரு கருங்கல்லில் இடது பக்கம் இடித்தது. வண்டிக்கு ஒன்றுமில்லை. படியை மாட்டும் இரும்புத் தகடு மட்டும் வளைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படியைப் பொருத்திப் பார்த்தால் ஓட்டை ஓட்டையோடு சேரவில்லை. பாய் நிமிர்த்தித் தருவார் என்றார் சித்தப்பா. பாய்க்கு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை. எங்கள் தெருவில் அன்று பாவு விரித்திருந்தார்கள். தெருவின் ஒரு ஓரமாக, நீளத்துக்கும் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அத்தை எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு வாசலில் வந்து நின்றாள். படி இல்லை. கொஞ்ச நேரம் சீட்டைப் பார்த்தாள். அம்மா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். தோண்டிப்போட்ட தெருவில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கால் வைத்தால் ஆடியது.

"இதுக்கு எதுக்குக்கா யோசிச்சிக்கினு? வா, தூக்கி வெச்சிடறேன்" என்றார் சித்தப்பா.

"வேணாம்டா" என்றாள். அவர் ஏற்கெனவே குனிந்துவிட்டிருந்தார். ஒரு கையை முதுகிலும் ஒரு கையைத் தொடைக்கடியிலும் கொடுத்து அவளைத் தூக்கினார். மடங்காத கால் கண்ணாடிச் சட்டத்தில் இடித்தது. முதல் தடவை சீட்டு எட்டவில்லை. அப்பா ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார். புடவை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அம்மா அதை இழுத்துவிட்டாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். "பாத்துபா, மெதுவாபா" என்று ஒருவர் சொன்னார். "பாவம்" என்று ஒரு அம்மாள் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அத்தை சீட்டில் வந்து விழுந்ததும் நேராகக் கண்ணாடியைப் பார்த்தாள். அம்மா செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டியபோதும் அவள் குனிந்து பார்க்கவில்லை.

நான் எங்கே நின்றேன் தெரியுமா? வாசலில், புத்தகப் பையோடு, பொறாமையில் வெந்துகொண்டு நின்றேன். நான் வளர்ந்துவிட்டேன் என்று சித்தப்பா என்னைத் தூக்குவதை அந்த வருடம்தான் நிறுத்தியிருந்தார். இவ்வளவு பெரிய அத்தையை மட்டும் தூக்குகிறாரே, அவளுக்கு என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தது, அத்தை அதில் இல்லை. கம்பெனி வாசலில் நாலு பேர் முன்னால் சித்தப்பா மறுபடி கையை நீட்டியிருக்கிறார்; உள்ளே கொஞ்சம் வேலை இருக்கிறது, நீ போ என்று அனுப்பிவிட்டிருக்கிறாள். இருட்டும் நேரத்தில் அட்டைக் கட்டுகள் ஏற்றிவந்த ஒரு குட்டியானை வேன் எங்கள் தெருமுனையில் நின்றது. பின்பக்கத் தட்டை இறக்கிவிட்டிருந்தார்கள்; அட்டைக் கட்டுகளுக்கு நடுவில், காலை நீட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். தட்டின் விளிம்புவரை நகர்ந்து நகர்ந்து வந்து தானாகவே இறங்கினாள். புடவையெல்லாம் தூசி. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். திறந்த வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்!

"நான்தான் வந்தேனேக்கா, ஏன் இப்பிடி?" என்றார் சித்தப்பா. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. "பரவாயில்லடா" என்று சொல்லிவிட்டு அவள் கால் கழுவப் போனாள்.

மறுநாள் தலைவலி என்று போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. படி பாய் பட்டறையில் கிடந்தது; நாளைக்கு, நாளைக்கு. ஸ்கூட்டர் பற்றி அப்பாவிடம் இன்னொரு தடவை கேட்டாள். "படியைத்தான் மாட்டப் போறானே, அதுக்குள்ள இன்னாமா அவசரம்?" என்றார் அப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு ஏதோ குவாரியில் ஏற்பாடு. எப்படியும் கழற்ற வேண்டியதை எதற்கு மாட்டுவது என்று விட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு உயிரைக் கொடுப்பார். கேட்டால் தினமும் இரண்டு வேளையும் தூக்கி வைக்கத் தயாராகத்தான் இருந்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, வேலை சலித்துவிட்டது, விட்டுவிடப் போகிறேன் என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். "அதான் நல்லதுமா, தினம் அலைச்சல்" என்றார். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து டிசைன் வாங்கிப்போனான்; பிறகு எப்போதாவது வந்தான்; பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் நான் விளையாட ஆரம்பித்தேன். அத்தையை மேடம் என்று கூப்பிட யாரும் வரவில்லை. ஜீப் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் பல வருடம் ஓடியது.

ஏன் அத்தை வேலைக்குப் போகவில்லை என்று நான் மட்டும் கேட்டேன். அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "நீ ஸ்கூல் விட்டு வரச்சொல்ல வீட்ல ஆள் வேணாமா? உனக்காகத்தான்" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் அத்தை எனக்காக ஏசி ஆபீஸ் வேலையையே விட்டுவிட்டாள் என்று. டீச்சர்கூட, "குடுத்து வெச்சவ நீ" என்றார். அந்த வருடம் முழுக்க நான் பள்ளி விட்டுத் தெருமுனை திரும்பும்போது, அத்தை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருப்பாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து, நான் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடுவேன்.